கொடி சொல்லி அனுப்பும் சேதி

கோவை மருத்துவக் கல்லூரி 1966-ல் தொடங்கியது. அறுபதாம் ஆண்டை ஒட்டிய மலருக்கு மகப்பேற்றுப் பிரிவைப் பற்றி எழுதித் தாருங்கள் என்று கேட்டார்கள். துறைத் தலைவர்களின் வரிசையும் கட்டடங்கள் எழுந்த விவரமும் ஆவணங்களில் இருக்கின்றன. அவற்றை எழுத என்னைவிடத் தகுதியானவர்கள் உண்டு. ரத்தத்தையும் சிறுநீரையும் சோதித்தே காலம் கழித்த ஆய்வகக்காரி நான். அவிநாசி சாலையில் கல்லூரியும் திருச்சி சாலையில் மருத்துவமனையுமாக நிற்கும் இந்த நிறுவனம் எத்தனையோ மாறியிருக்கிறது. பிரசவ வார்டில் கேட்கப்படும் ஒரு கேள்வி மட்டும் மாறவில்லை. அந்தக் கேள்வியின் வரலாற்றை எழுதுகிறேன்.

இந்தப் பெண்ணுக்கு பிரஷர் ஏறுமா? ஏறினால் எப்போது? இதுதான் கேள்வி.

கர்ப்பத்தில் 20 வாரம் கழிந்தபின் ரத்த அழுத்தம் 140/90-ஐத் தொட்டு, கூடவே சிறுநீரில் புரதம் இறங்கினாலோ, கல்லீரல், சிறுநீரகம், ரத்தத் தட்டணு என்று ஏதேனும் ஒன்று கெட ஆரம்பித்தாலோ அதை ப்ரீஎக்லாம்ப்சியா என்கிறோம். உலகெங்கும் நூறு கர்ப்பிணிகளில் இரண்டு முதல் எட்டுப் பேருக்கு இது வருகிறது. முற்றினால் வலிப்பு. அதுதான் எக்லாம்ப்சியா, கிராமத்தில் ஜன்னி கண்டுவிட்டது என்பார்கள். ஆரம்பத்தில் அந்தப் பெண்ணுக்கு எதுவும் தெரியாது என்பதுதான் இந்த நோயின் கொடுமை. வலியில்லை, காய்ச்சலில்லை, பசி குறைவதில்லை. தலைவலியும் கண் மங்கலும் மேல்வயிற்று வலியும் வரும்போது நோய் வெகுதூரம் நடந்து முடித்திருக்கும்.

எனக்கு ஏழு வயதிருக்கும்போது, தாராபுரம் பக்கத்தில் எங்கள் சின்னம்மாவுக்கு வளைகாப்பு நடந்தது. தலைச்சன். இரண்டு கையும் கொள்ளாமல் கண்ணாடி வளையல் போட்டார்கள். பதினைந்தே நாளில் அந்த வளையல்கள் அசைய மறுத்தன. கை அவ்வளவு வீங்கிவிட்டது. வீட்டுக்கு வந்து பார்த்த நர்ஸம்மாவிடம் என் அம்மிச்சி, "நீர் கோத்திருக்குதுங்க அம்முணி, தலைப்பிள்ளைன்னா அப்படித்தானுங்க" என்று சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. பார்லித் தண்ணீர் காய்ச்சிக் கொடுத்தார்கள். நான்காம் நாள் விடியற்காலையில் வலிப்பு வந்தது. சின்னம்மா பிழைத்துக்கொண்டார். பிள்ளை தங்கவில்லை. வளையல்களை உடைத்துத்தான் எடுத்தார்கள்.

அம்மிச்சி சொன்னதைத் தவறென்று தள்ள என்னால் முடிந்ததில்லை. கர்ப்பிணிகளுக்கு வரும் வீக்கத்தில் பெரும்பாலானது ஒன்றும் செய்யாது. இன்றைய மருத்துவமும் வீக்கத்தை மட்டும் வைத்து இந்த நோயைத் தீர்மானிப்பதில்லை. வீங்கிய கைகளில் எது வெறும் நீர், எது எமன் என்று பார்வையால் பிரிக்க முடியாது. அதைப் பிரித்துச் சொல்லும் ஒன்றைத் தேடித்தான் ஆய்வகங்கள் தொண்ணூறு ஆண்டுகளாக அலைந்திருக்கின்றன.

நோயின் வேர் நஞ்சுக்கொடியில் இருக்கிறது. கன்று ஈன்ற மாட்டின் இளங்கொடியை வைக்கோலில் சுற்றி, பால் வடியும் ஆலமரத்தில் உயரக் கட்டித் தொங்கவிடும் வழக்கமுள்ள நாடு இது. கொடிக்கும் ஒரு மதிப்பு உண்டு என்பது நம்மவர்களுக்குப் புதிய சேதியில்லை. கரு தங்கிய முதல் மாதங்களில் கொடியின் செல்கள் தாயின் கருப்பைச் சுவருக்குள் இறங்கி, அங்குள்ள சுருள் தமனிகளின் தசையை அழித்து, ஒடுங்கிய குழாயை அகன்ற வாய்க்காலாக மாற்றுகின்றன. ப்ரீஎக்லாம்ப்சியா வரப்போகும் பெண்கள் பலரிடம் இந்த வேலை அரைகுறையில் நின்றுவிடுகிறது. பரம்பிக்குளம்-ஆழியாறு வாய்க்காலில் கடைமடைக்காரருக்கு நேர்வதுதான் இங்கும் நேர்கிறது: அணையில் தண்ணீர் இருக்கும், வயலுக்கு வந்து சேராது. காய்கிற கொடி சும்மா இருப்பதில்லை. தாயின் ரத்தத்தில் பல பொருள்களை அளவுக்கு மீறிக் கொட்டுகிறது. அவை தாயின் உடம்பெங்கும் ரத்தக் குழாய்களின் உட்சுவரைப் புண்ணாக்குகின்றன. பிரஷர் ஏறுவதும் சிறுநீரில் புரதம் இறங்குவதும் அதற்குப் பிறகு நடப்பவை. பி.பி. கருவி காட்டுவதற்குப் பல வாரங்கள் முன்பே கொடி சேதி அனுப்பிவிடுகிறது. படிக்கத்தான் நமக்குத் தெரியவில்லை.

எங்கள் தலைமுறை மாணவர்கள் கற்றது சோதனைக் குழாயும் ஸ்பிரிட் விளக்கும். குழாயில் முக்கால் பங்கு சிறுநீரை எடுத்து, மேல்பகுதியை மட்டும் கொதிக்கவிட்டு, சில சொட்டு அசிட்டிக் அமிலம் விடவேண்டும். மேலே எழுந்த கலங்கல் கரையாமல் நின்றால் புரதம். மிக எளிய சோதனை. அன்று எத்தனையோ உயிர்களை அது காத்திருக்கிறது. பின்னாளில் சாயம் தோய்ந்த பட்டை வந்து அதன் இடத்தைப் பிடித்தது. கர்ப்பிணியை இடப்பக்கம் படுக்கவைத்து ஒரு முறை, மல்லாக்கப் புரட்டி ஒரு முறை பிரஷர் எடுத்து, கீழ் அளவு 20 கூடுகிறதா என்று பார்க்கும் சோதனையும் பாடத்தில் இருந்தது. பல பெண்களை அது வீணாகப் பயமுறுத்தியது. வேறு பலரைத் தவறவிட்டது. மெல்லக் கைவிடப்பட்டது.

முன்கூட்டித் தெரியாததால், வந்தபின் பார்ப்பதே வைத்தியமாக இருந்தது. ரஷ்யாவின் ஸ்ட்ரொகனாஃப் வகுத்த முறைப்படி இருட்டறை, அமைதி, மயக்க மருந்து. சென்னை எழும்பூர் மகப்பேறு மருத்துவமனை 1844-ல் பிறந்தது, அங்கே எம். கே. கிருஷ்ண மேனன் மூன்று மருந்துகளைக் கலந்து கொடுத்து வலிப்பை அடக்கும் முறையை வளர்த்தெடுத்தார். குளோர்ப்ரோமசின், ப்ரோமெதசின், பெத்தடின் என்ற அந்தக் கலவையைப் பற்றி அவர் 1961-ல் எழுதிய கட்டுரைக்குப் பிறகு இந்தியா முழுவதும் அது மேனன் முறை என்றே வழங்கியது. ஏ. லட்சுமணசுவாமி முதலியாரோடு சேர்ந்து அவர் எழுதிய பாடநூலை இந்த மாநிலத்தில் மகப்பேறு படித்த யாரும் தாண்டி வந்திருக்க முடியாது. நம் கல்லூரி பிறக்கும்போது தமிழ்நாட்டின் பிரசவ வார்டுகளில் ஆட்சி செய்தது அந்த முறைதான்.

1995-ல் நிலைமை மாறியது. இந்திய மருத்துவமனைகளும் பங்கேற்ற பன்னாட்டு ஆய்வு ஒன்று, 1,687 பெண்களின் அனுபவத்தைக் கொண்டு, மறுபடி வலிப்பு வராமல் தடுப்பதில் மெக்னீசியம் சல்பேட் மற்ற மருந்துகளை எளிதில் விஞ்சுகிறது என்று காட்டியது. 2002-ல் 33 நாடுகளில் 10,141 பெண்களிடம் நடந்த மேக்பை ஆய்வு, வலிப்பு வருவதற்கு முன்பே கொடுத்தால் அந்த ஆபத்து பாதிக்கும் மேல் குறையும் என்று உறுதிப்படுத்தியது. முழங்கால் தட்டினால் உதறுகிறதா, மூச்சு நிமிடத்துக்கு எத்தனை, சிறுநீர் மணிக்கு 30 மில்லியாவது போகிறதா என்று பார்த்துப் பார்த்துக் கொடுக்கவேண்டிய மருந்து அது. விலை மலிவு. இன்று ஆரம்ப சுகாதார நிலையத்துச் செவிலியர் இரண்டு இடுப்பிலும் 5 கிராம் வீதம் முதல் ஊசியைப் போட்டுவிட்டு 108 ஆம்புலன்ஸில் ஏற்றுகிறார் என்றால், பெரிய ஆஸ்பத்திரியின் அறிவு ஊர்வாசலுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது என்று பொருள்.

இப்போது என் ஆய்வகத்துக்கு வருகிறேன்.

கர்ப்பிணியின் சிறுநீரில் ஒரு ஹார்மோன் இருக்கிறது என்று பெர்லினில் அஷ்ஹைமும் ஸொண்டெக்கும் 1920-களின் கடைசியில் காட்டினார்கள். இன்று மருந்துக் கடையில் வாங்கும் அட்டையில் இரண்டு கோடு விழவைக்கும் ஹெச்.சி.ஜி.தான் அது. கொடியே அதைச் சுரக்கிறது. 1930-களில் பாஸ்டனைச் சேர்ந்த ஜார்ஜ் ஸ்மித், ஆலிவ் ஸ்மித் தம்பதியர், ப்ரீஎக்லாம்ப்சியா வரும் பெண்களின் ரத்தத்தில் இந்த ஹார்மோன் கூடியிருப்பதையும் ஈஸ்ட்ரோஜன் குறைந்திருப்பதையும் அளந்து சொன்னார்கள். கவனமான, நேர்மையான வேலை. ரத்தத்தின் ஹார்மோன் அளவை வைத்து இந்த நோயை முன்னறியலாம் என்ற எண்ணத்துக்கு அடித்தளம் போட்டவர்கள் அவர்களே.

அதற்கு அடுத்து நடந்ததை மாணவர்களுக்கு நான் ஒவ்வொரு ஆண்டும் சொல்லியிருக்கிறேன். ஈஸ்ட்ரோஜன் குறைவாக இருக்கிறது. அப்படியானால் அதை ஏற்றிக் கொடுத்தால் நோய் வராது என்று முடிவு கட்டினார்கள். ஸ்டில்பெஸ்ட்ரால் என்ற செயற்கை ஈஸ்ட்ரோஜன் லட்சக்கணக்கான அமெரிக்கக் கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கப்பட்டது. 1953-ல் சிகாகோவில் டீக்மன் குழு முறையாக ஒப்பிட்டுப் பார்த்து, பயன் எதுவும் இல்லை என்று அச்சிட்டது. அதற்குப் பிறகும் மருந்து நிற்கவில்லை. 1971-ல்தான், அந்தத் தாய்மாரின் பெண்மக்கள் சிலருக்கு இளம் வயதிலேயே அரிய வகைப் புற்றுநோய் வருவது தெரிந்தது. ஹார்மோன் குறைந்தது கொடி சீர்கெட்டதன் விளைவு. அதையே நோயின் காரணமென்று எண்ணி நிரப்பப் போனார்கள். மேகம் கறுத்தால் மழை வரும் என்று அறியலாம். மேகத்துக்குக் கரி பூசி மழையைக் கொண்டுவர முடியாது. குறியும் காரணமும் வேறு வேறு என்பதை ஆய்வகக்காரர்கள் மறந்தால் அதன் விலையைப் பிறக்காத பிள்ளைகள் கொடுக்கிறார்கள்.

1973-ல் டாலஸில் கான்ட் குழு வேறு வழியில் போனது. ரத்தக் குழாய்களைச் சுருக்கும் ஆஞ்சியோடென்சின் என்ற ஹார்மோனைத் தலைச்சன் கர்ப்பிணிகளின் நரம்பில் சொட்டுச் சொட்டாக ஏற்றி, எவ்வளவுக்கு அவர்கள் உடம்பு தாங்குகிறது என்று அளந்தார்கள். நலமான கர்ப்பிணி அதற்கு எளிதில் அசைவதில்லை. நோய் வரப்போகிறவர்களோ பல வாரங்கள் முன்பே அந்தத் தாங்கும் சக்தியை இழந்திருந்தார்கள். நோய் வெளியே தெரிவதற்கு முன்பே உள்ளே தொடங்கிவிடுகிறது என்பது இதிலிருந்து உறுதிப்பட்டது. ஆனால் மணிக்கணக்கில் ஊசியோடு படுக்கவைக்கும் ஒரு சோதனையை எந்த வெளிநோயாளிப் பிரிவில் செய்வது?

1997-ல் லான்செட் இதழில் வந்த கட்டுரை என் மேசையில் வெகுநாள் கிடந்தது. ஆக்டிவின்-ஏ, இன்ஹிபின்-ஏ என்ற இரண்டு ஹார்மோன்கள் ப்ரீஎக்லாம்ப்சியாவுக்கு அடையாளமாகுமா என்பது பொருள். முதல் ஆசிரியர் பெயர் ஷாந்தி முத்துகிருஷ்ணா. நம் காதுக்குப் பழகிய பெயரை அந்த இதழில் பார்த்தபோது வந்த மகிழ்ச்சியை மறைக்க வேண்டியதில்லை. ஆக்ஸ்ஃபோர்டில் இந்த நோயை வாழ்நாளெல்லாம் ஆராய்ந்த ரெட்மனும், இன்ஹிபினைத் துல்லியமாக அளக்கும் எதிர்ப்புரதங்களை உருவாக்கிய க்ரூமும் உடன் எழுதியவர்கள். கருமுட்டைப் பையிலிருந்து மூளையடிச் சுரப்பிக்குக் கட்டளை அனுப்பும் ஹார்மோன் ஜோடி இது. ஒன்று தூண்டும், மற்றது அடக்கும். கர்ப்பத்தில் இவற்றைக் கொடியே பெருமளவு சுரக்கிறது. நோய் கண்ட பெண்களின் ரத்தத்தில் இரண்டுமே பல மடங்கு கூடியிருந்தன.

அது ஏன் அன்றாடச் சோதனையாக ஆகவில்லை? நோய் வந்தவளையும் வராதவளையும் பக்கத்தில் நிறுத்தினால் வித்தியாசம் பெரிது. நோய் வருவதற்கு முன், 15, 16 வாரத்தில் அளந்தால் இரண்டு கூட்டமும் ஒன்றன்மேல் ஒன்று படிந்துவிடுகின்றன. ஹெச்.சி.ஜி. கதையும் அதுதான். நம் ஊர் ஸ்கேன் மையங்களில் டபுள் மார்க்கர், குவாட்ரபிள் மார்க்கர் என்று எழுதித் தரும் சோதனைகளில் இந்த ஹார்மோன்கள் இருக்கின்றன. குவாட்ரபிளில் இன்ஹிபின்-ஏ உண்டு. அவை குழந்தையின் குரோமோசோம் குறையைத் தேடுவதற்காக. அதில் இவை காரணமின்றிக் கூடியிருந்தால் அந்தப் பெண்ணின் பிரஷரைக் கூடுதலாகக் கவனிக்கும் மருத்துவரை நான் மதிக்கிறேன். அதற்கு மேல் அந்த எண்களைச் சுமக்கவைக்கக் கூடாது.

பூட்டைத் திறந்தவர் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்துப் போன ஒரு சிறுநீரக மருத்துவர். அனந்த் கருமாஞ்சி பாஸ்டனில் நஞ்சுக்கொடிகளை வாங்கி, நோயுற்ற கொடியில் எந்த மரபணு அளவுக்கு மீறி வேலை செய்கிறது என்று தேடினார். எஸ்-ஃப்ளிட்-1 என்ற புரதம் கிடைத்தது. ரத்தக் குழாய்களின் உட்சுவருக்கு ஊட்டம் தரும் பொருள்கள் உண்டு. கொடி சுரக்கும் பி.எல்.ஜி.எஃப். அவற்றில் ஒன்று. எஸ்-ஃப்ளிட்-1 ரத்தத்தில் மிதந்துகொண்டே அவற்றைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. வழியிலேயே மடையை அடைத்துக்கொள்பவனைப் போல. 2003-ல் அவர் குழு இந்தப் புரதத்தைக் கர்ப்பிணி எலிகளில் கூட்டியபோது அவற்றுக்குப் பிரஷர் ஏறியது, சிறுநீரில் புரதம் வந்தது, சிறுநீரகம் ப்ரீஎக்லாம்ப்சியாவில் கெடுவது போலவே கெட்டது. இங்கே குறியும் காரணமும் ஒரே இடத்தில் சந்தித்தன. ஸ்மித் தம்பதியருக்குக் கிட்டாதது இதுதான்.

2004-ல் அடுத்த கட்டுரை. அதற்கு ரத்தம் எங்கிருந்து கிடைத்தது என்பதை எங்கள் துறை மாணவர்கள் நினைவில் வைக்கவேண்டும். கால்சியம் கொடுத்தால் நோய் வராமல் இருக்குமா என்று அமெரிக்காவில் ஓர் ஆய்வு நடந்து, பலனில்லை என்று முடிந்திருந்தது. அந்தப் பெண்களிடம் கர்ப்பத்தின் பல கட்டங்களில் எடுத்த ரத்தத்தை உறைநிலையில் காத்து வைத்திருந்தார்கள். அதை எடுத்து அளந்தபோது, நோய் வெளிப்படுவதற்கு ஏறக்குறைய ஐந்து வாரம் முன்பே எஸ்-ஃப்ளிட்-1 ஏறத் தொடங்குவதும் பி.எல்.ஜி.எஃப். அதற்கும் முன்பிருந்தே குறைந்திருப்பதும் தெரிந்தன. கைகூடாத ஓர் ஆய்வின் ரத்தம், பொறுப்போடு காக்கப்பட்டதால், விடை தந்தது.

இந்த இரண்டுக்கும் உள்ள விகிதமே இன்றைய சோதனை. 2016-ல் பன்னாட்டு ஆய்வொன்று 38 என்ற எல்லையைக் கொடுத்தது. சந்தேகத்துக்கு இடமான பெண்ணுக்கு விகிதம் 38 அல்லது அதற்குக் கீழே இருந்தால், அடுத்த ஒரு வாரத்துக்கு ப்ரீஎக்லாம்ப்சியா வராது என்று 99.3 சதவீதம் நம்பலாம். 38-ஐத் தாண்டினால்? நான்கு வாரத்துக்குள் நோய் வந்தவர்கள் 36.7 சதவீதம் மட்டுமே. "வரும்" என்று சொல்வதில் இந்தச் சோதனை தடுமாறுகிறது. "வராது" என்று சொல்வதில் மிக உறுதியாக இருக்கிறது. 2023 மே மாதத்தில் அமெரிக்க அரசு இத்தகைய ஒரு சோதனைக்கு அனுமதி கொடுத்தது.

"வராது" என்ற பதிலில் என்ன பெரிய லாபம் என்று ஒரு மாணவி கேட்டாள். நான் அவளுக்கு வால்பாறையைச் சொன்னேன். தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்யும் 33 வாரக் கர்ப்பிணி. பிரஷர் 142/92. சிறுநீரில் புரதம் இருக்கிறதா இல்லையா என்று பட்டை மழுப்புகிறது. லேசான தலைவலி. ஆழியாறு வரை 40 கொண்டை ஊசி வளைவுகள், பிறகு பொள்ளாச்சி, பிறகு கோவை. மேலேயே வைத்திருந்தால் இரவில் வலிப்பு வந்துவிடுமோ என்ற பயம் மருத்துவருக்கு. கீழே அனுப்பினால் வார்டில் வாரக்கணக்கில் படுக்கை, கூடவே மாமியாரோ தங்கையோ துணை, வீட்டில் மூத்த பிள்ளையைப் பார்க்க ஆளில்லை, கூலி போய்விடும். மூன்றாம் நாள் எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிடுகிற பெண்கள் இப்படித்தான் உருவாகிறார்கள். அவர்களில் யார் திரும்பி வரமாட்டார்கள் என்பது யாருக்கும் தெரியாது. நீலகிரி, ஈரோடு, திருப்பூர், பாலக்காட்டு எல்லை என்று நாற்புறமிருந்தும் வந்து நிறையும் ஒரு வார்டில், உறுதியான ஒரு "இல்லை" பல பெண்களை வீட்டுக்கு அனுப்பும். உண்மையில் ஆபத்திலிருப்பவளுக்குப் படுக்கையும் கண்ணும் மிஞ்சும்.

வருமுன் தடுக்கவும் வழி உண்டு. 11 முதல் 13 வாரத்துக்குள் தாயின் விவரம், பிரஷர், கருப்பைத் தமனியின் டாப்ளர், ரத்தத்தில் பி.எல்.ஜி.எஃப். எல்லாம் சேர்த்துக் கணக்கிட்டு, ஆபத்து அதிகமுள்ளவர்களுக்கு இரவில் 150 மில்லிகிராம் ஆஸ்பிரின் கொடுத்ததில், 37 வாரத்துக்கு முன் வரும் கடுமையான வகை 4.3 சதவீதத்திலிருந்து 1.6 சதவீதமாகக் குறைந்தது. இந்த முடிவு 2017-ல் வெளியானது. ஈரோட்டிலும் கோவையிலும் குழந்தைப்பேறு சிகிச்சை மையங்கள் பெருகி, செயற்கைக் கருத்தரிப்பும் இரட்டைக் கருவும் கூடியிருக்கும் இந்நாளில், இந்தக் கணக்குக்கு உரியவர்கள் நம்மிடையே நிறையவே இருக்கிறார்கள்.

இந்த விகிதச் சோதனை கிராமத்துக்குப் போகுமா என்று கேட்பவர்களுக்கு மருத்துவர் வி. சேஷய்யாவின் பெயரைச் சொல்வேன். கர்ப்பகால நீரிழிவுக்கு வெறும் வயிறு வேண்டாம், பல முறை குத்தவேண்டாம், 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து ஒரே ஒரு முறை ரத்தம் எடுத்தால் போதும், 140 என்ற ஓர் எண்ணை நினைவில் வைத்தால் போதும் என்று அவர் எளிமையாக்கினார். தமிழ்நாடு அரசு அதை எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் கொண்டுசென்றது. பஸ்ஸைப் பிடித்து வந்து பஸ்ஸைப் பிடித்துத் திரும்பவேண்டிய பெண்ணுக்கு ஏற்றபடி சோதனையை வெட்டித் தைத்ததில்தான் அதன் வெற்றி. 1994 முதலே ஒவ்வொரு தாயின் மரணத்தையும் எடுத்து வைத்து ஏன் என்று விசாரிக்கும் மாநிலம் இது. ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் பிக்மி என்ற அரசுப் பதிவு எண் இருக்கிறது. பாதை போட்டாகிவிட்டது.

நம் கல்லூரிக்கு நான் வைக்கும் கோரிக்கைகள் இரண்டு. வார்டுக்கு வரும் பெண்களின் ஒப்புதலோடு அவர்கள் ரத்தத்தை வாரவாரியாக உறையவைத்துக் காக்கும் ஒரு பெட்டி வேண்டும். எடை குறைந்த, ரத்தசோகையுள்ள, நீரிழிவுள்ள கொங்குப் பெண்களுக்கு 38 என்ற எல்லை பொருந்துமா என்பதை நம் வீட்டு ரத்தம்தான் சொல்லவேண்டும்.

இரண்டாவது, விலை. தனியார் ஆய்வகத்தில் இந்தச் சோதனைக்கு ஆயிரக்கணக்கில் ஆகிறது. எல்லாருக்கும் செய்யத் தேவையில்லை. பிரஷரும் பட்டையும் முடிவு சொல்ல முடியாமல் நிற்கும் அந்தச் சிலருக்கு மட்டும் அரசு செலவில் செய்யலாம். வால்பாறைப் பெண் மேலேயே அரசு மருத்துவமனைக் கட்டிலில், செவிலியரின் கண்பார்வையில் படுத்திருக்கட்டும். அவள் ரத்தம் மட்டும் குளிர்பெட்டியில் ஏறி, காலை வண்டியில் நாற்பது வளைவும் இறங்கி வரட்டும். மாலைக்குள் பதில் ஃபோனில் மேலே போகட்டும்.